இலை மடிக்கும் வரை

வெள்ளூரணியில் ஒரு வியாழக்கிழமை உச்சிவெயில் நகராமல் நின்றதற்குக் காரணம் சீனித்தாய் சாப்பிட உட்கார்ந்ததுதான் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சொல்லும்போது ஒருவர் முகத்திலும் வியப்பு இருக்காது, தண்ணி லாரி வந்தால் தெரு நனையும் என்கிற மாதிரி சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள், ஏனென்றால் இத்தனை வருஷம் பரிமாறிய ஒருத்தி ஒருநாள் உட்கார்ந்தால் அதற்கு ஈடாக ஏதாவது ஒன்று நிற்கத்தானே வேண்டும், சூரியன் நின்றது, அவ்வளவுதான்.

பரிமாறினாள் என்றால் சும்மா பரிமாறவில்லை. கல்யாண வீடோ காதுகுத்தோ சடங்கு வீடோ, அந்த ஊரில் எங்கே பந்தி விரித்தாலும் மாப்பிள்ளை வந்தாச்சா என்று கேட்பதற்கு முன்னால் சீனித்தாய் வந்தாச்சா என்றுதான் கேட்பார்கள். ஒரு வாளிச் சாம்பாரை முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் ஒரே அளவாகக் கொண்டுசேர்க்கிற கை அவளுக்கு. யார் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருக்கிறார், யார் பொரியலை ஒதுக்கிவிட்டு அப்பளத்துக்குக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் குனிந்த தலை நிமிராமலே அவளுக்குத் தெரியும். கடைசிப் பந்தியும் எழுந்து, பாயைச் சுருட்டி, அண்டாக்களைக் கழுவப் போட்ட பிறகு, சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டே கையில் ஏந்திய தட்டில் அவள் சாப்பிடுவாள், அவளிடம் வந்து சேரும்போது பாயசத்தில் முந்திரியும் இருக்காது, சூடும் இருக்காது. வீட்டிலும் அதே கதைதான். கோழி அடித்தால் கால் புருஷனுக்கு, ஈரல் மகனுக்கு, நெஞ்சுக்கறி வந்த விருந்தாளிக்கு, கழுத்து அவளுக்கு. எத்தனையோ கோழிகளைத் தன் கையால் அரிந்தவளுக்குக் கால் என்ன ருசி என்று தெரியாது என்பதை அவளே ஒருநாள் யோசித்துப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், அப்புறம் அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்காமல் போயிற்று.

புருஷன் கருத்தப்பாண்டி போன தை மாதம் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் மகன் அழகுசுந்தரம் பெங்களூரிலிருந்து வந்து, தனியாக இருந்து ஏன் கஷ்டப்படணும், எங்களோடு வந்துவிடு என்றான். நல்ல பிள்ளைதான், அம்மாமேல் பாசம் இல்லாதவன் இல்லை. பேத்திக்கு ஆறு மாதம், மருமகளும் வேலைக்குத் திரும்புகிறாள், சமையலுக்கு வந்த பெண் நின்றுவிட்டாள், "உன் கையால சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சும்மா" என்று அவன் ஆசையாகத்தான் சொன்னான். சீனித்தாய்க்கு அந்த வார்த்தை நெஞ்சில் போய்த் தங்கிவிட்டது. அவன் ஆசையெல்லாம் அவள் கைமேல் இருந்தது, அந்தக் கை ஒரு உடம்போடு ஒட்டியிருக்கிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லித்தந்திருக்க வேண்டியவளும் அவள்தான்.

அந்த வியாழக்கிழமை மதியம் ரயில். ஒன்றரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் வீட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும், இறங்கும்போதே சாவியைப் புதிதாகக் குடிவருபவர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அழகுசுந்தரம் ஏற்பாடு செய்திருந்தான். சாவி போனால் வீடு போனது, வீடு போனால் மிச்சமுள்ள காலமெல்லாம் இன்னொருத்தர் அடுப்பங்கரையில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான் என்று சீனித்தாய்க்குத் தெரியும், ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல அவள் வாய்க்குப் பழக்கமில்லை. பெட்டி கட்டியாயிற்று. அடுப்பைத் துடைத்துக் கவிழ்த்தாயிற்று. "ரயில்ல ஏதாச்சும் வாங்கிச் சாப்பிட்டுக்கிடலாம்" என்றான் மகன். அவள் நடை சாத்துவதற்குள் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள், கோயில் தெரு இடது பக்கம் திரும்பியது, அவள் வலது பக்கம் திரும்பினாள்.

வலது பக்கம் போனால் ரயில் நிலையத்துக்கு எதிரே 'தாம்பூலம்' இருக்கிறது. ஊரிலேயே பெரிய தீப்பெட்டி ஆபீஸ், தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், வைத்திருக்கும் வைரமணி கட்டிய ஹோட்டல் அது. குளிரூட்டிய கூடம், வெள்ளைத் துணி விரித்த மேசை, வெண்கலத் தாம்பாளத்தின்மேல் தலைவாழை இலை, ஒவ்வொரு பதார்த்தமாகச் சாவகாசமாக வரும் சாப்பாடு. சந்தைக்குப் போகும்போதெல்லாம் அதன் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று சீனித்தாய் பார்த்திருக்கிறாள். அவள் பார்த்தது சாப்பாட்டை இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காத மனிதர்களைப் பார்ப்பாள், கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்து, நாற்காலியில் சாய்ந்து, எதுவும் செய்யாமல், எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு, அடுத்து செய்ய ஒரு வேலையும் இல்லாதவர்கள் போல இருக்கும் மனிதர்களை. அப்படி ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. அதற்காகச் சேர்த்து வைத்த காசு அவளுடைய சொந்தக் காசு, அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

கதவைத் திறந்துவிட்டது காவலாளி சங்கரபாண்டி. உள்ளே சரிகைக்கரை வேட்டி கட்டிய எபனேசர் வந்தார், அந்தக் கூடத்தில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் மூத்தவர்.

"வாங்கம்மா, எத்தனை பேரு?"

"ஒரு ஆளு."

"கூட வர்றவங்க பின்னால வர்றாங்களா?"

"கூட யாரும் வரல. நான்தான் சாப்பிட வந்திருக்கேன்."

ஒரு பெண் தனியாக வந்து அப்படிச் சொல்லி எபனேசர் கேட்டதில்லை. தூணுக்குப் பின்னால் இருந்த சின்ன மேசையைக் காட்டினார்.

"அந்தச் சன்னலோரம் உக்காரட்டுமா?"

"அது நாலு பேரு உக்கார்ற டேபிளும்மா."

"நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன். நாலு பேரு சாப்பிடுற நேரம் ஆகும்."

எபனேசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டார். எதிர்ச்சுவரில் ஒரு பித்தளைப் பலகை பளபளத்தது. வைரமணியின் தாத்தா ஓலைக் கொட்டகையில் சோறு விற்ற காலத்தில் சொன்ன வாக்கு அது, பேரன் அதைப் பித்தளையில் வெட்டி அழகுக்கு மாட்டியிருந்தார்: 'இலை மடிக்கும் வரை பரிமாறுவோம்.' அதுவரை யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

இலை வந்தது. ஆயிரக்கணக்கான இலைகளை எதிர்ப்பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தே பழகிய சீனித்தாய்க்கு, உட்கார்ந்திருக்கிறவர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இலை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அன்றுவரை தெரியாது. தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். உப்பு வைத்தார்கள், ஊறுகாய் வைத்தார்கள், வாழைப்பூ வடையும் கோலா உருண்டையும் வைத்தார்கள், சீரகச் சம்பாச் சோற்றின்மேல் பருப்பும் அதன்மேல் நெய்யும் விட்டார்கள். எல்லாம் சூடாக இருந்தது. அவள் பிசைந்தாள், முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடினாள், வெளியே சூரியன் நின்றது.

முதலில் கவனித்தது சங்கரபாண்டிதான். வாசல் வேப்பமரத்து நிழல் நகர நகர அவரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போவது வழக்கம், மூன்றாவது தடவை நகர்த்த வேண்டிய நேரத்தில் நிழல் வரவில்லை. பொறுத்துப் பார்த்தார். கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். ஒன்று இருபது. ரயில் நிலையக் கடிகாரத்திலும் ஒன்று இருபது, செல்போனிலும் ஒன்று இருபது. சரி, எதற்கும் ஒரு டீ குடிப்போம் என்று எதிர்க்கடைக்குப் போனார்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் கேட்க வேண்டிய சங்கதி. தீப்பெட்டி ஆபீசுகளில் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது, திரும்ப அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை, ஒன்றரை ஆகாமல் அதை எப்படி அடிப்பது, ஆகவே தூக்குவாளியை வைத்துக்கொண்டு அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மென்று சாப்பிடத் தொடங்கினார்கள், பிறகு ஒருத்தி குழம்பை ஒருத்தி வாங்கி ருசி பார்த்தார்கள், பிறகு காலை நீட்டினார்கள், பிறகு மடியில் தலைவைத்துப் பேன் பார்த்தார்கள், பிறகு தூங்கி எழுந்தார்கள், எழுந்தபோதும் ஒன்று இருபதுதான். வங்கியில் உணவு இடைவேளை என்று தொங்கிய பலகையை முதல்முறையாக யாரும் குறைசொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாடித் தீர்த்து, சலித்துப்போய், தாங்களாகவே வகுப்பில் போய் உட்கார்ந்து வாத்தியாரைத் தேடினார்கள். ஜோசியர் உலகநாதன் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, ராகுகாலம் இன்னும் பிறக்கவில்லை, பிறக்கும்வரை எல்லாம் நல்ல நேரமே என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான், ஒத்திப்போட்டிருந்த காரியமெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது, ஒருவர் புது டிராக்டருக்குப் பூசணிக்காய் உடைத்தார், ஒருவர் பால் காய்ச்சினார், வருஷக்கணக்காகப் பேசாமலிருந்த இரண்டு சம்பந்திகள் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். சாப்பிட்டுப் படுத்துத் தூங்கி எழுந்த ஆண்கள் மறுபடியும் பசிக்கிறது என்று குரல் கொடுத்தபோது, அப்போதுதான் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பெண்கள் கடிகாரத்தைக் காட்டி, இப்பத்தானே சாப்பிட்டீக, மணி இன்னும் ஒன்றரைகூட ஆகலையே என்றார்கள்.

ரயிலும் வந்து நின்றது, கைகாட்டி இறங்கவில்லை, பிரயாணிகள் இறங்கிப் புளிய மரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எபனேசர். சீனித்தாய் சாப்பிடும்போது சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள் அசையாமல் நிற்கிறது, அவள் இலையைவிட்டுக் கையை எடுத்துத் தண்ணீர் குடித்தால் லேசாக நடுங்குகிறது, ஆறஅமரச் சாய்ந்து உட்கார்ந்தால் மறுபடி நின்றுவிடுகிறது. அவர் அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார், ஆனால் சமையல்கட்டில் ஒருவரிடம் சொன்னார், அது போதாதா?

வைரமணி காரில் வந்து இறங்கினார். அவருக்குத்தான் இருபக்கமும் இடி. தீப்பெட்டி ஆபீசில் நின்றுபோன வேலையும் அவருடையது, இங்கே பரிமாறப்படும் சோறும் அவருடையது.

"அம்மா, சாப்பாடு எப்படி இருக்கு?" என்றார் மரியாதையாக.

"நல்லா இருக்குய்யா." சீனித்தாய் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பெரிய மனுஷர் நின்று பேசும்போது வாயில் வைப்பது மரியாதை இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"இப்பத்தானே கோழிக்குழம்பு வந்திருக்கு. அப்புறம் கெண்டை மீன் இருக்காம். ரசம் இருக்கு. பாயசம் இருக்கு. மோரு இருக்கு."

"ஊர்ல வேலையெல்லாம் நின்னு போச்சும்மா. கொஞ்சம் சீக்கிரம்..."

"நான் வேலை பாத்தப்போ ஊரு உக்காந்து சாப்பிட்டுச்சு. அப்போ நான் யாரையும் சீக்கிரம்னு சொன்னேனா?"

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். அப்படி ஒரு பேச்சு தன் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை, வந்தபிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனமில்லை. வைரமணி எபனேசரைத் தனியே இழுத்துப்போய், மீதி எல்லாவற்றையும் ஒரேயடியாக வைத்துவிட்டு இலையை எடுக்கச் சொன்னார். எபனேசர் பித்தளைப் பலகையைப் பார்த்தார். வைரமணியும் பார்த்தார், அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

அதன்பிறகு ஊர் ஒரு தப்பு செய்தது. அவளை அவசரப்படுத்த ஆள் மாற்றி ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தது. நகராட்சித் தலைவர் வந்தார், வங்கி மேனேஜர் வந்தார், கோயில் தர்மகர்த்தா வந்தார், ஒவ்வொருவர் வந்து நிற்கும்போதும் அவள் மரியாதைக்குக் கையை எடுத்துக்கொண்டு அவர்கள் பேசி முடியும்வரை காத்திருந்தாள், ஒவ்வொருவர் போனபிறகும் குழம்பு ஆறிவிட்டது என்று எபனேசர் சூடாக வேறு கொண்டுவந்து ஊற்றினார், ஊர் பேசப் பேசச் சாப்பாடு நீண்டுகொண்டே போனது, தாங்கள்தான் அதை நீட்டுகிறோம் என்று வந்தவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பூ விற்கும் ராக்கம்மா வந்தபோதுதான் சீனித்தாய்க்கு நிஜமாகவே மனசு இளகியது. சாயங்காலம் வராமல் மல்லி வாங்க ஆள் வராது, ஆள் வராமல் கட்டிவைத்த மொட்டு விற்காது, ராக்கம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முறையிடத்தான் வந்தாள். வந்தவள் மேசைக்கு முன்னால் நின்றாள், கோழிக்காலை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்த சீனித்தாயைப் பார்த்தாள், பேச வந்ததை மறந்துவிட்டாள்.

"என்னக்கா, காலா அது?"

"ஆமாடி. இவ்வளவு நாளும் இதைத்தான் அடுத்தவகளுக்கு அள்ளி வச்சிருக்கேன்."

"எப்படி இருக்கு?"

சீனித்தாய் யோசித்தாள். "கழுத்துல இருந்த ருசி வேற. இதைக் கடிச்சா வாய் நெறையுது. உன் மொட்டு வாடிருமேன்னுதான் எனக்கு வருத்தமா இருக்கு, ராக்கு."

"வாடாதுக்கா. நேரம் போனாத்தானே வாடும்" என்றாள் ராக்கம்மா. கூடையை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்து மேசை நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, எனக்கும் ஒரு இலை போடுங்க."

அதைச் சன்னல் வழியாகப் பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வெளியே கூடிவிட்டார்கள். அவர்களில் மாரிச்செல்வி என்கிறவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து, "யக்கா, மெதுவா, முள்ளு பாத்து!" என்று கத்தினாள். அப்போது சீனித்தாய் கெண்டை மீனுக்கு வந்திருந்தாள்.

அழகுசுந்தரம் அம்மாவைக் கோயிலில் தேடி, குளத்தங்கரையில் தேடி, கடைசியில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தபோது அவன் சட்டை முழுக்க வேர்வை. சட்டைப்பையில் வீட்டுச் சாவி. மேசைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றான்.

"அம்மா! ஊரெல்லாம் தேடிட்டு வர்றேன், நீ இங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்க! வீட்டுக்கு வர்றவங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. ராகுகாலம் பிறக்கப்போகுது."

"நான் முடிக்காம பிறக்காதுய்யா. எல்லாரும் சொல்லுதாங்க."

"ஏம்மா இப்படிப் பண்ற? சோறு கேட்டா நான் வாங்கித் தரமாட்டேனா?"

"நீ வாங்கித் தருவே. என்னைய உக்கார விடுவியா?"

அழகுசுந்தரத்துக்குச் சுற்றிலும் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்கிற அவமானமும், ரயில் போய்விடுமே என்கிற பதற்றமும், அம்மா இப்படிப் பேசி இதுவரை கேட்டதில்லையே என்கிற பயமும் ஒன்றாக வந்து அடைத்தன. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் குனிந்தான், அவள் பக்கத்து இலை விளிம்பைப் பிடித்தான், தன் பக்கமாக இழுத்து மடித்துவிட்டான். ரசத்துக்கு வைத்த சோறு இலைக்குள் போனது.

தன்னை நோக்கி இலையை மடித்தால் வயிறு நிறைந்தது, மறுபடியும் வருவேன் என்று அர்த்தம். தனக்கு எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டுச் சாப்பாட்டில் மட்டும்தான். எதிரே நின்று மடித்தவனுக்கு அது தெரியவில்லை, ஆனால் சீனித்தாய் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் அது சாவு மடிப்பு. ராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எபனேசர் கையிலிருந்த வாளி மேசையில் இடித்தது. வெளியே வெயில் ஒரு கணம் மங்கி, ஆபீஸ் பெண்கள் அண்ணாந்து பார்க்க, மறுபடி வெளுத்தது.

சீனித்தாய் அந்த மடிந்த இலையைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தார்கள்.

"யாருய்யா செத்தா இங்க?" என்றாள்.

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. "அம்மா, நான் அப்படி நினைச்சு..."

"உங்க அப்பா போனப்போ அந்தப் பந்தியிலயும் நான்தான் பரிமாறினேன். தாலியறுத்த கையோட பரிமாறினேன். எல்லாரும் அந்தப் பக்கமா மடிச்சிட்டு எந்திரிச்சாங்க. எனக்கு ஒரு இலை போடணும்னு உனக்குத் தோணல, எனக்கும் தோணல. இன்னைக்குத் தோணிருக்கு."

அவள் இரண்டு கையாலும் இலையைத் திரும்ப விரித்தாள், ஒட்டிய சோற்றை விலக்கினாள், மடிந்த தடத்தை உள்ளங்கையால் நீவி நீவிச் சமன் செய்தாள், நடுநரம்பு கிழிந்திருந்தது, ஆனாலும் இலை விரிந்தது. "ரசம் ஊத்துங்கய்யா" என்றாள். எபனேசர் ஊற்றினார். சன்னலுக்கு வெளியே பெண்கள் கைதட்டிய சத்தத்தில் வைரமணி நெற்றியைத் தடவிக்கொண்டார்.

அழகுசுந்தரம் நின்றுகொண்டே இருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. முகம் வாடி, உதடு காய்ந்து போயிருந்தது. பெற்றவளுக்கு அது தெரியாமல் போகுமா?

"காலையில இருந்து எதுவும் சாப்பிடலயா?"

"இல்லம்மா."

அந்த ஒரு சொல்லுக்கு அவள் முழங்கால்கள் தாமாக அசைந்தன. இத்தனை வருஷமும் அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து அடுப்பங்கரைக்கு ஓடிய கால்கள் அவை, சூரியனை நிறுத்தியவளுக்கு அந்தக் கால்களை நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பசியோடு நிற்கிறான், அம்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள், ஊரே பார்க்கிறது. அவளுக்கு வலித்தது. வலித்தாலும் எழுந்திருக்கவில்லை.

"எபனேசர் தம்பி, எதுத்தாப்புல எம்புள்ளைக்கு ஒரு இலை போடுங்க. ஈரல் இருந்தா வைங்க, அவனுக்குப் பிடிக்கும்."

அவன் உட்கார்ந்தான். எபனேசர் பரிமாறினார். அம்மா எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை அழகுசுந்தரம் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். அவள் சோற்றை உருட்டி வாயில் வைக்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வாள் என்பதும், அப்பளத்தை நொறுக்காமல் கடைசிவரை பத்திரமாக வைத்திருப்பாள் என்பதும் அவனுக்கு அதுவரை தெரியாது.

"அம்மா, எனக்கு நீ இடது கன்னத்துல மெல்லுவன்னுகூடத் தெரியாதும்மா" என்றான்.

"வலது பக்கம் பல்லு இல்லய்யா. விழுந்து ரொம்ப நாளாச்சு." அவள் ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்தாள். "நான் சொல்லுறதைக் கேளு. பேத்தியைப் பாக்க நான் வருவேன். விருந்தாளியா வருவேன். இலை போட்டா உக்காருவேன், பசிச்சா கேப்பேன், போதும்னு தோணுனா திரும்பி வருவேன். பரிமாறுறதுக்கு வரமாட்டேன்."

"தனியா எப்படிம்மா இருப்ப?"

"தனியாத்தானே இப்போ சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். சூரியனே நின்னு பாத்துச்சு."

பக்கத்து மேசையில் ராக்கம்மா சிரித்துவிட்டாள். அழகுசுந்தரம் சிரிக்கவில்லை. வீட்டில் குழந்தை அழுவதையும், காலையில் மனைவி ஒற்றைக் கையால் பால் காய்ச்சுவதையும் அவன் நினைத்திருக்க வேண்டும். இலையில் மிச்சமிருந்த ஈரலை மெதுவாக மென்றான், நேரமும் அவனுக்காகக் காத்திருந்தது.

"சரி, நாங்க ரெண்டு பேருமா பாத்துக்கிடுறோம்" என்றான் கடைசியில், சரியாகக் கேட்காத குரலில்.

சீனித்தாய் இடது கையை நீட்டினாள். அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தான். குடிவர நிற்கிறவர்களுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று அவள் சாவியை இடுப்பில் செருகினாள், அப்புறம் பாயசத்துக்கு வந்தாள். அதில் முந்திரி மிதந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள். மோர்ச்சோறு சாப்பிட்டாள். முழுசாக இருந்த அப்பளத்தை இரண்டாக உடைத்துப் பாதியை மகன் இலையில் வைத்தாள், அது பரிமாறியது ஆகாது, பங்கு கொடுத்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்து, காய்ந்துகொண்டிருந்த கையோடு, செய்ய ஒரு வேலையும் இல்லாமல், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். வைரமணிகூட ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சாய்ந்திருந்த நேரம்தான் எல்லாவற்றிலும் நீளம் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள்.

போதும் என்று தோன்றியபோது, நடுநரம்பு கிழிந்த அந்த இலையின் மேல்பாதியைப் பிடித்து, தன்னை நோக்கி, ஊர் பார்க்க, மெதுவாக மடித்தாள்.

தீப்பெட்டி ஆபீசுகளில் மணி அடித்தது. கைகாட்டி இறங்கியது. வேப்பமர நிழல் ஒரே தாவாகச் சங்கரபாண்டியின் நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. ஜோசியர் உலகநாதன் ராகுகாலம், ராகுகாலம் என்று தெருவில் கத்திக்கொண்டு போனார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அழகுசுந்தரம் எச்சில் கையை அவசரமாகக் கழுவிக்கொண்டு ரயிலுக்கு ஓடினான், பாதி வழியில் திரும்பி ஓடிவந்து அம்மா காலைத் தொட்டுவிட்டு மறுபடி ஓடினான். ரயில் அவனை ஏற்றிக்கொண்டுதான் போனது.

"வர்ற வியாழக்கிழமையும் இதே மேசைதான்" என்றாள் சீனித்தாய் எபனேசரிடம்.

"ஒரு ஆளாம்மா?"

அவள் ராக்கம்மாவைப் பார்த்தாள், சன்னலுக்கு வெளியே வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள்.

"கேட்டுச் சொல்லுதேன்."

இப்போதும் வெள்ளூரணியில் வியாழக்கிழமைகளில் மத்தியானம் மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் நீளம்தான். மாரிச்செல்வி அந்த மேசையில் உட்கார்ந்த நாளில் ஒரு கதை சொல்லிக்கொண்டே சாப்பிட்டதில் கோடைவெயில் படாத பாடு படுத்தியது என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் வியாழக்கிழமை வேலையைக் குறைவாகவே கணக்குப் போடுகிறார்கள், ரயில்காரர்கள் தண்ணீர் பிடித்துக்கொள்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் கடிகாரம் கெட்டுவிட்டதாக நினைத்துத் தட்டிப் பார்க்கும்போது, நிழலில் உட்கார்ந்திருக்கும் சங்கரபாண்டி நாற்காலியை நகர்த்தாமலே சொல்வார்:

"ஓடும், ஓடும். உள்ள ஒரு அம்மா சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."